முந்திரித் தோப்புக்கு எந்த ஸ்பானியல்? ஃபீல்ட், ஸ்பிரிங்கர், காக்கர், இன்னும் சில

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், ஸ்பானியல் நாய் வாங்குவது பற்றிச் சமீபத்தில் கேட்டார்: “ஸ்பிரிங்கர் நல்லா வேலை செய்யும்னு எல்லாரும் சொல்றாங்க. ஃபீல்ட் ஸ்பானியல்னு ஒண்ணு இருக்காமே தம்பி, அது வேலைக்கு ஆகுமா, இல்ல ஷோவுல நிக்க மட்டும்தானா?” இதே கேள்வி புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்தும் வந்திருக்கிறது, கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்தும் வந்திருக்கிறது. அதனால் அவருக்குச் சொன்ன பதிலை விரித்து எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபீல்ட் ஸ்பானியல் வேலை செய்யும், நன்றாகவே செய்யும். ஸ்பிரிங்கரின் வேகம் அதற்குக் கிடையாது. ஆனால் நம் கடலோர வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அந்த நிதானம் நல்லதுதான். தேடிப்பிடித்துக் காத்திருந்து வாங்க முடிந்தவர்களுக்கு நான் ஃபீல்டைத்தான் சொல்வேன். அது முடியாதவர்கள், அதாவது நம்மில் பெரும்பாலானவர்கள், நல்ல தாய் தகப்பனுக்குப் பிறந்த இங்கிலீஷ் காக்கரை எடுப்பது சரி. ஸ்பிரிங்கர் ஒரு சிலருக்கு மட்டும். கிளம்பர், சசெக்ஸ் என்ற இனங்கள் இரண்டையும் இந்த ஊருக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

இனங்களுக்குப் போவதற்கு முன் சட்டத்தைப் பேசிவிட வேண்டும். ஸ்பானியல் துப்பாக்கிக்காரனுக்குத் துணையாக உருவாக்கப்பட்ட நாய். நம் நாட்டில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கவுதாரி, காடை, முயல் என்று எதையும் வேட்டையாட முடியாது. சுட்டால்தான் வேட்டை என்று பலர் நினைக்கிறார்கள். பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே அந்தச் சட்டத்தில் வேட்டைதான். “சுடமாட்டேன், நாயை விட்டுக் கவுதாரியைக் கிளப்பி மட்டும் பார்க்கிறேன்” என்பதற்கும் இடமில்லை. முந்திரித் தோப்புகளில் இப்போது மயில்கள் சர்வசாதாரணமாகத் திரிகின்றன. மயிலைத் துரத்தும் நாய் உங்களுக்குப் பெரிய வம்பைக் கொண்டுவரும். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம், அங்கே நாயை அவிழ்த்துவிடும் பேச்சே கூடாது.

அப்படியானால் இந்த நாய்க்கு இங்கே என்ன வேலை? நிறைய இருக்கிறது. கேன்வாஸ் துணியில் தைத்த டம்மியை, அதாவது பறவைக்குப் பதிலாக எடுத்துவரப் பழக்கும் பொதியை, தோப்புக்குள் ஒளித்துவைத்துத் தேட விடலாம். குளத்தில் எறிந்து எடுத்துவரச் செய்யலாம். குறிப்பிட்ட வாசனையைக் கண்டுபிடிக்கப் பழக்கலாம். நாய்க்கு வேண்டியது மூக்கை வைத்துத் தேடும் வேலையும், தேடிய பொருளை உங்கள் கையில் கொண்டுவந்து கொடுக்கும் திருப்தியும்தான். பறவை இல்லாததால் அதன் சந்தோஷம் குறைவதில்லை. அந்த வேலை கிடைக்காத ஸ்பானியல்தான் செருப்பைக் கடித்து, கேட்டைத் தாண்டி, வீட்டையே இரண்டாக்கும்.

வேலைத் திறன் என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதையும் தெளிவாக்கிவிடுகிறேன். ஸ்பானியல் ஆளுக்கு முன்னால் இடமும் வலமுமாக மாறி மாறி ஓடி, காற்றை மூக்கில் வாங்கிக்கொண்டே தேட வேண்டும். துப்பாக்கிக் குண்டு எட்டும் தூரத்துக்குள், சுமார் 25, 30 கெஜத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். புதரைக் கண்டால் சுற்றிப் போகாமல் உள்ளே நுழைய வேண்டும். பறவை எழும்பியதும் துரத்தாமல் அந்த இடத்திலேயே உட்கார வேண்டும். விழுந்த பறவையைப் பல் படாமல் எடுத்துவர வேண்டும். இந்த ஐந்தில் நமக்கு முக்கியமானது எது என்று கேட்டால், கிட்டத்திலேயே தேடுவதும், எழும்பினால் உட்காருவதும். மயிலும் கீரியும் இருக்கும் தோப்பில் இவை இரண்டும் இல்லாத நாயை அவிழ்த்துவிட முடியாது.

நம் ஊர் சிப்பிப்பாறையையும் கன்னியையும் இதோடு ஒப்பிட்டுச் சிலர் பேசுகிறார்கள். அவை கண்ணால் பார்த்து, வெட்டவெளியில் ஓடிப் பிடிக்கும் நாய்கள். வேகத்தில் எந்த ஸ்பானியலும் அவற்றின் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் புதருக்குள் மூக்கை வைத்துத் தேடி எடுத்துவருவது அவற்றின் வேலை அல்ல. இரண்டும் வேறு வேறு கைத்தொழில்.

சரி, ஸ்பிரிங்கர். இங்கிலீஷ் ஸ்பிரிங்கர்தான் இந்தக் கூட்டத்தில் அளவுகோல். உயரம் 51 சென்டிமீட்டர், நல்ல நெஞ்சு, நாள் முழுக்கத் தேடினாலும் தளராத உடம்பு. பிரிட்டனில் நாய்களின் வேட்டை வேலையைச் சோதிக்கும் களப்போட்டிகளில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டதால், வேலை ஸ்பிரிங்கரும் ஷோ ஸ்பிரிங்கரும் ஏறக்குறைய இரண்டு வேறு இனங்களாகவே பிரிந்துவிட்டன. வேலை ஸ்பிரிங்கரின் மூக்கு எப்படிப்பட்டது என்பதற்கு பஸ்டர் என்ற நாயைச் சொல்லலாம். 2003 இல் இராக்கில் ஒளித்துவைத்திருந்த ஆயுதங்களைக் கண்டுபிடித்ததற்காக, விலங்குகளுக்கான டிக்கின் பதக்கம் அதற்குக் கிடைத்தது. எனக்கு ஸ்பிரிங்கர் மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்த எஞ்சின் அணைவதே இல்லை. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், வருஷம் முழுக்க, வேலை கொடுக்க ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இப்போது ஃபீல்ட். இதைப் பற்றித்தான் தமிழில் யாரும் எழுதுவதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஒரு காலத்தில் காக்கரும் ஃபீல்டும் ஒரே ஈற்றில் பிறந்தன. எடை 25 பவுண்டுக்குக் கீழே இருந்தால் காக்கர், மேலே போனால் ஃபீல்ட். 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் காக்கர் தனி இனமாகப் பிரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஷோ மோகம் ஃபீல்டைப் பாடாய்ப் படுத்திவிட்டது. உடம்பு நீளமாக இருக்க வேண்டும், கால் குட்டையாக இருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்து, கடைசியில் விழுந்து கிடக்கும் ஒரு கிளையைக்கூடத் தாண்ட முடியாத நாயாக்கிவிட்டார்கள். வேட்டைக்காரர்கள் கைவிட்டார்கள். பிறகு ஸ்பிரிங்கர் ரத்தம் கலந்து காலை மீட்டார்கள். ஆனாலும் இனம் மெலிந்துகொண்டே போனது. இன்று உலகத்தில் இருக்கும் ஃபீல்ட் ஸ்பானியல்கள் எல்லாம் 1950களில் இருந்த நான்கே நாய்களின் வழி வந்தவை. நாய் இனங்களைப் பதிவு செய்யும் பிரிட்டன் கென்னல் கிளப், ஆண்டுக்கு 300 குட்டிகளுக்கும் குறைவாகப் பதிவாகும் தன் நாட்டு இனங்களை அழியும் நிலையில் உள்ளவை என்று பட்டியலிடுகிறது. ஃபீல்ட், சசெக்ஸ், கிளம்பர், ஐரிஷ் வாட்டர் நான்கும் அதில் இருக்கின்றன.

இன்றைய ஃபீல்டின் உயரம் சுமார் 46 சென்டிமீட்டர், எடை 18 முதல் 25 கிலோ. ஈரல் நிறம், கறுப்பு, அல்லது வெள்ளை முடி கலந்த ரோன். உடம்போடு ஒட்டிய பட்டு முடி. காதிலும் காலிலும் நெஞ்சிலும் கொஞ்சம் தொங்கல், அவ்வளவுதான். ஷோ காக்கருக்கு இருப்பதுபோல் கணுக்கால் வரை பாவாடை கட்டியதுபோல் இருக்காது.

இங்கிலாந்தில் வேலை பார்த்த ஆண்டுகளில், குளிர்காலச் சனிக்கிழமைகளில் ஒரு எஸ்டேட்டுக்குப் புதர் தட்டும் வேலைக்குப் போவேன். கையில் கொம்போடு வரிசையாக நடந்து, ஃபெசன்ட் பறவைகளைத் துப்பாக்கிக்காரர்கள் நிற்கும் பக்கம் எழுப்பிவிடும் வேலை. வரிசையில் ஆளுக்கொரு ஸ்பானியல் இருக்கும், பெரும்பாலும் ஸ்பிரிங்கர், காக்கர். ஒரு பெரியவரிடம் மட்டும் ஈரல் நிறத்தில் ஒரு ஃபீல்ட் பெட்டை. ஸ்பிரிங்கர்கள் புயலாகப் போன இடத்தில் அது பின்னால் வரும். இடுப்பளவு முட்புதர். ஸ்பிரிங்கர் அதன் மேல் தாவி, ஒரு பக்கமாகக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இந்தப் பெட்டை நின்றது. தலையைத் தாழ்த்தி, மூக்கைத் தரையோடு வைத்து, முள்ளுக்கு அடியில் தவழ்ந்து உள்ளே போனது. வால் முனை மட்டும் தெரிந்தது. வேகம் கூடிக்கொண்டே போன அந்த வாலைப் பார்த்துப் பெரியவர் அசையாமல் நின்றார். உள்ளேயிருந்து ஒரு பெட்டை ஃபெசன்ட் படபடவென்று எழுந்தது. ஃபீல்ட் முள்ளுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது, பெரியவர் விசில் கூட ஊதவில்லை. வேகமான நாய்கள் விட்டுப்போனதை எடுப்பதுதான் அதன் திறமை என்று அன்று எனக்குப் புரிந்தது.

இன்னொன்றையும் அந்தப் பெரியவரிடம்தான் பார்த்தேன். அவர் குரலை உயர்த்தவே மாட்டார். ஃபீல்ட் மனசு மெல்லியது. ஒரு தடவை கடுமையாக அதட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலையே வேண்டாம் என்று இருந்துவிடும். அடித்துப் பழக்கும் கை உள்ளவர்களிடம் இந்த நாய் வீணாகும். மெதுவாகத்தான் பக்குவப்படும். ஸ்பிரிங்கர் ஒரு வயதில் செய்வதை ஃபீல்ட் இரண்டு வயதில் செய்தால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். போட்டியில் ஸ்பிரிங்கரோடு நிறுத்தினால் வேகத்திலும் பகட்டிலும் தோற்கும். அதனால்தான் பிரிட்டனில் ஃபீல்ட், சசெக்ஸ், கிளம்பர், வெல்ஷ் ஸ்பிரிங்கர் போன்ற இனங்களுக்குத் தனியாகக் களப்போட்டிகள் நடத்துகிறார்கள். தோப்பில் தேடி எடுப்பதற்கு அந்தப் பகட்டு எதற்கு?

வெல்ஷ் ஸ்பிரிங்கர் பெயரால் பலரைக் குழப்பும். அது இங்கிலீஷ் ஸ்பிரிங்கரின் நிறம் மாறிய வடிவம் அல்ல, தனி இனம். 1902 இல் கென்னல் கிளப் அதை அங்கீகரித்தது. எப்போதும் சிவப்பும் வெள்ளையும்தான். உயரம் 48 சென்டிமீட்டர், ஃபீல்டைவிட இலகுவான உடம்பு. நல்ல மூக்கு, தளராத கால். ஆனால் சுயபுத்தி ஜாஸ்தி, வாசனை கிடைத்தால் தூரம் போய்விடும் குணம் உண்டு. விசிலுக்குத் திரும்பும் பழக்கத்தை முதலில் உறுதியாக்காவிட்டால் தோப்புக்கு வெளியே அடுத்தவர் கரும்பில் போய்த்தான் தேட வேண்டும். எனக்குப் பிடித்த நாய்தான். இருந்தாலும் முதல் நாயாக வாங்குபவருக்குச் சொல்ல மாட்டேன்.

கிளம்பர், சசெக்ஸ் இரண்டையும் சேர்த்தே சொல்லலாம். கிளம்பருக்கு நாட்டிங்காம்ஷைரில் இருக்கும் கிளம்பர் பார்க்கின் பெயர். ஆண் நாய் 30 கிலோவுக்கு மேல் போகும், வெள்ளை உடம்பு, கனத்த எலும்பு. சத்தமில்லாமல் அடர்ந்த புதரை மெதுவாகத் துழாவுவதில் கெட்டிக்காரன். பிரிட்டன் அரச குடும்பமே சாண்ட்ரிங்காமில் வைத்திருந்தது. சசெக்ஸ் குட்டையானது, பொன் கலந்த ஈரல் நிறம். ஸ்பானியல்களில் இது மட்டும் வேலை செய்யும்போது குரைக்கும். அடர்ந்த புதருக்குள் நாய் எங்கே இருக்கிறது என்று ஆளுக்குத் தெரிவதற்காகவே அப்படி வளர்த்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்த இனம் அழியாமல் காத்தவர் ஜாய் ஃப்ரீர் என்ற பெண்மணி. இரண்டுமே நல்ல நாய்கள்தான். ஆனால் கனத்த உடம்பு, அடர்ந்த முடி, கிளம்பருக்குத் தொங்கும் கண் இமை வேறு. சித்திரை மாதப் புழுக்கத்தில் இவற்றை வேலைக்கு விடுவது கொடுமை. இரண்டு இனத்திலும் உழைத்தால் தசை சோர்ந்து விழவைக்கும் ஒரு மரபணுக் குறை இருக்கிறது, அதற்கு டிஎன்ஏ சோதனையும் உண்டு. குளிர்நாட்டில் இருப்பவர்கள் வளர்க்கட்டும்.

தண்ணீர் என்றதும் சுண்ணாம்பாற்றங்கரைக்காரர்கள் சிலர் ஐரிஷ் வாட்டர் ஸ்பானியலைக் கேட்கிறார்கள். ஸ்பானியல்களிலேயே உயரமானது, சுருள் முடி, முடியில்லாத எலி வால். தண்ணீரில் அதை மிஞ்சுவது கஷ்டம். பிரிட்டன் களப்போட்டிகளில் இதை ஸ்பானியல்களோடு சேர்ப்பதில்லை, ரெட்ரீவர்களோடு சேர்க்கிறார்கள். அதாவது எடுத்துவரும் வேலைதான் அதன் பலம். நம் ஊர் நாயுருவியும் ஒட்டுப்புல்லும் அந்தச் சுருள் முடியில் ஏறினால் ஒவ்வொன்றாகப் பிரிக்க ஒரு மாலைப் பொழுது போய்விடும். வாரா வாரம் சீவ ஆள் இருக்கிறதா என்று வீட்டில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

புதுச்சேரியில் பிரான்சோடு போக்குவரத்து உள்ள குடும்பங்களில் பிரிட்டனி நாயின் பெயர் அடிபடும். பிரெஞ்சில் அதன் பெயரிலேயே ஸ்பானியல் இருக்கிறது, உடம்பும் சிறியது, சுறுசுறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் அது பறவையை எழுப்பும் நாய் அல்ல, பறவை இருக்கும் இடத்தைக் கண்டதும் சிலையாக நின்று காட்டும் நாய். அதனால்தான் அமெரிக்கக் கென்னல் கிளப் 1982 இல் பெயரிலிருந்து ஸ்பானியல் என்பதையே எடுத்துவிட்டது. நின்று காட்டும் நாய் அகலமாக, ஆளைவிட்டுத் தூரமாகப் போய்த் தேடும். மூன்று ஏக்கர் தோப்புக்கும் பக்கத்து நிலத்து வேலிக்கும் அது ஒத்துவராது.

இனி நம் ஊர் வெயில். என் கணக்கில் இந்த முடிவைத் தீர்மானிப்பதே இதுதான். நாய் நாக்கை நீட்டி மூச்சிறைத்துத்தான் உடம்புச் சூட்டைக் குறைக்கிறது. ஈரம் காற்றில் நிறைந்திருந்தால் நாக்கிலிருந்து நீர் ஆவியாகாது, சூடும் இறங்காது. அதனால் மதுரை வெயிலைவிடக் கடலோரத் தேவனாம்பட்டினத்துப் புழுக்கம் வேலை நாய்க்கு ஆபத்து. ஸ்பிரிங்கர் தானாக நிற்காது, விழும்வரை ஓடும். ஃபீல்ட் தன் வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பதால் கவனிக்க நமக்கு நேரம் கிடைக்கிறது. நாக்கு கரண்டிபோல் அகன்று தொங்கினால், கண் மிரண்டால், கூப்பிட்டதும் திரும்பாமல் தள்ளாடினால், உடனே வேலையை நிறுத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, காற்று படும் நிழலில் வைக்க வேண்டும். முதலில் குளிர்வித்தல், பிறகுதான் மருத்துவரிடம் வண்டி. சூடு 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கத் தொடங்கும்.

இங்கிலீஷ் ஸ்பிரிங்கர் வாங்குபவர்கள் பிஎஃப்கே என்ற மூன்றெழுத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ரத்தச் சிவப்பணுக்களில் ஒரு நொதி குறைவாக இருக்கும் பிறவிக் குறை இது. கடும் வெயிலில் ஓடி மூச்சிறைத்தால் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். குளிர்நாட்டில் ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கக்கூடியது, நம் ஊரில் முதல் கோடையிலேயே தலைகாட்டலாம். ஒரு டிஎன்ஏ சோதனையில் தெரிந்துவிடும். அமெரிக்கக் காக்கருக்கும் இந்தக் குறை உண்டு. சோதனைச் சான்று இல்லாத ஸ்பிரிங்கர் குட்டியை யார் எவ்வளவு புகழ்ந்து விற்றாலும் நான் தொடமாட்டேன்.

அடுத்தது காது. தொங்கும் காது, ஈரக் காற்று, குளத்து நீச்சல் மூன்றும் சேர்ந்தால் காதில் சீழும் பூஞ்சையும் வருவது சகஜம். நீந்திவந்ததும் காதைத் துடைத்து உலரவிட வேண்டும். உண்ணியும் அப்படித்தான். நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் நாய்களை நிறையவே கொல்கிறது, நீண்ட முடிக்குள் உண்ணி இருப்பது கண்ணுக்குத் தெரியாது. முடியைக் குட்டையாக வைத்திருங்கள், விரல்களுக்கு இடையிலும் காதுக்குள்ளும் தினமும் பாருங்கள். வயல் வாய்க்காலில் இறங்கும் நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறக்கூடாது. நல்லவேளையாகப் புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

முந்திரித் தோப்புக்கென்று தனியாக இரண்டு எச்சரிக்கை. மாசி, பங்குனியில் கொட்டை விழத் தொடங்கினால் ஸ்பானியல் சும்மா இருக்காது, கண்டதை எல்லாம் வாயில் எடுக்கும். பச்சைக் கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைக் கொப்புளமாக்கிவிடும் என்பது பண்ருட்டியில் கொட்டை உடைக்கும் பெண்களின் கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாயின் உதடும் நாக்கும் அதற்கு விதிவிலக்கல்ல. அந்த மாதங்களில் தோப்பில் வேலை வேண்டாம், சவுக்குத் தோப்புக்கு மாறிவிடுங்கள். இரண்டாவது, காய்ந்த முந்திரிச் சருகுக்குள் கண்ணாடி விரியன் படுத்திருந்தால் மூக்கைத் தரையில் வைத்துத் தேடும் நாய்க்கு முகத்தில்தான் கடி விழும். சருகு கூட்டிச் சுத்தம் செய்த பகுதியில் மட்டும் பழக்குங்கள்.

கிடைப்பது எப்படி? ஃபீல்ட் குட்டி இந்தியாவில் கிடைப்பது மிக அரிது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டுமென்றால் சென்னையில் உள்ள விலங்குத் தடுப்புக்காப்பு அலுவலகத்தின் முன் அனுமதி, வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று, அந்த நாட்டு அரசு மருத்துவரின் உடல்நலச் சான்று என்று வரிசையாக வேலை இருக்கிறது. வணிகத்துக்காகக் குட்டி போட நாய் கொண்டுவருவதற்கு விதிகள் கடுமையானவை. ஆகவே நீங்கள் ஐரோப்பாவிலோ பிரிட்டனிலோ வாழ்ந்து ஊர் திரும்புபவராக இருந்தால், அங்கேயே குட்டியிலிருந்து வளர்த்து, உங்கள் நாயாகக் கூட்டிவருவதுதான் நேரான வழி. கார்த்திகை, மார்கழியில் கொண்டுவந்தால் வெயிலுக்குப் பழக அவகாசம் கிடைக்கும்.

வெளிநாட்டு நாயின் பெடிகிரியை, அதாவது வம்சப் பட்டியலை, படிக்கும்போது ஒரு நுணுக்கம். பிரிட்டனில் வேட்டைத்துணை இனங்களில் ‘ஷோ சாம்பியன்’ என்றால் அழகுப் போட்டியில் மட்டும் வென்ற நாய். வெறும் ‘சாம்பியன்’ என்று போட்டிருந்தால், அழகோடு வேலைத் தகுதியையும் நிரூபித்த நாய். இந்த வித்தியாசம் தெரியாமல் ‘ஷோ சாம்பியன் குடும்பம்’ என்பதைப் பெருமையாகக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. ஃபீல்ட் போன்ற சிறு இனத்தில் வேலைக்கென்றே தனி வழி இல்லாததால், தாயும் தகப்பனும் துப்பாக்கிச் சத்தம் கேட்டு வளர்ந்தவையா, புதருக்குள் போகின்றனவா, எடுத்துவந்து கொடுக்கின்றனவா என்று நேரில் பார்ப்பதுதான் எல்லாம். இனத்தின் பெயரைவிட இந்த இரண்டு நாய்களின் நடத்தை முக்கியம். இடுப்பு எலும்பின் எக்ஸ்ரேயும் கேளுங்கள், நான்கு நாய்களிலிருந்து வந்த இனத்தில் இதைக் கேட்பதற்குக் கூச்சப்படக் கூடாது.

காக்கர் விஷயத்தில் நம் ஊரில் தொல்லை வேறு மாதிரி. எளிதாகக் கிடைக்கிறது, ஆனால் விற்கப்படுவதில் பலவும் அமெரிக்கக் காக்கர் கலப்பு. உருண்டைத் தலை, குட்டை மூக்கு, பிதுங்கிய கண், தரையைத் துடைக்கும் முடி இருந்தால் அழகுக்கு வளர்க்கலாம், தோப்பு வேலைக்கு வேண்டாம். இங்கிலீஷ் காக்கருக்கு மூக்கு நீளமாக, தலை நீண்டு, உடம்பு கட்டுக்கோப்பாக இருக்கும். எடை 13, 14 கிலோ. இந்தச் சின்ன உடம்பே வெயிலில் அதற்குச் சாதகம், ஒரே ஆளாகத் தூக்கிக்கொண்டு நிழலுக்கு ஓடலாம். புதருக்குள் நுழைவதில் காக்கருக்குப் பயமே கிடையாது. விமான நிலையங்களில் மோப்பம் பிடிக்க இதைத்தான் பல நாடுகள் பயன்படுத்துகின்றன. கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் டிஎன்ஏ சோதனைகள் உண்டு, கேளுங்கள்.

தாய் நாயைப் போய்ப் பாருங்கள், அதுவும் ஏப்ரல், மே மாதத்தில். அந்த வெயிலில் காலை 7 மணிக்கு ஒரு பந்தை நாலு தடவை எறிந்தால் சந்தோஷமாக எடுத்துவருகிறதா, காது நாற்றமடிக்கிறதா, கை நீட்டினால் வருகிறதா, எதையாவது வாயில் வைத்திருக்கும்போது கிட்டப் போனால் உறுமுகிறதா என்று பாருங்கள். உறுமும் தாயின் குட்டி எடுத்துவந்து கையில் கொடுக்குமா என்பது சந்தேகம்தான். இதைப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் பேச்சை வளர்க்காமல் கிளம்பிவிடுங்கள்.

பண்ருட்டி அண்ணனுக்கு நான் சொன்னது காக்கர். தோப்பு இருக்கிறது, இடம் இருக்கிறது, ஆனால் கொட்டைப் பருவத்தில் அவருக்கு நாயைப் பார்க்க நேரமே இருக்காது. ஸ்பிரிங்கர் அந்த மூன்று மாதத்தில் தானே ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொள்ளும், அது மயில் துரத்துவதாகத்தான் இருக்கும். லாஸ்பேட்டையில் மாடி வீட்டில் இருந்துகொண்டு தினமும் இரண்டு வேளை பயிற்சி கொடுக்கத் தயாராக இருக்கும் இளைஞருக்கு, பிஎஃப்கே சோதனை செய்த ஸ்பிரிங்கரைச் சொன்னேன். மோப்பப் பயிற்சியில் தீவிரமாக இறங்கப் போகிறார், அதற்கு அந்த வேகம் வேண்டும். பாரிஸிலிருந்து ஓய்வுபெற்றுத் திரும்பப்போகும் ஒரு தம்பதி இருக்கிறார்கள். பாகூர் பக்கம் நிலம், பொறுமை, நேரம் மூன்றும் உண்டு. அவர்களிடம்தான் ஃபீல்ட் எடுத்துவரச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். “மெதுவா இருக்கும்னு சொல்றீங்களே?” என்று அந்த அம்மா கேட்டார். “நீங்களும் மெதுவாத்தானே நடப்பீங்கம்மா, உங்க கூடவே தேடும்” என்றேன். இந்த இனத்துக்கு அப்படிப்பட்ட வீடுதான் வேண்டும்.

எந்த இனமானாலும் தொடக்கம் ஒன்றுதான். குட்டியைத் தை மாதத்தில் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். தடுப்பூசிகள் முடிந்து வெயில் ஏறும்போது அது உட்காரவும் கூப்பிட்டால் வரவும் கற்றிருக்கும். ஸ்பானியல்களுக்கு ஆக்மே 210½ விசில்தான் வழக்கம். ஒரு நீண்ட ஊதல் என்றால் உட்கார், இரண்டு குட்டி ஊதல் என்றால் திரும்பு, பல குட்டி ஊதல் என்றால் வா. குட்டிக்கு அரை பவுண்டு டம்மி போதும், ஒரு பவுண்டு டம்மியைப் பல் மாறிய பிறகு எடுக்கலாம். ஒரு வேளைக்கு நாலைந்து எறிதலுக்கு மேல் வேண்டாம். அதில் பாதியை நாய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க நீங்களே நடந்துபோய் எடுத்து வாருங்கள், எழும்பும் எல்லாவற்றின் பின்னாலும் ஓடக்கூடாது என்பது அதற்கு அப்போதுதான் புரியும். திறந்த கிணறு இருக்கும் தோப்பு என்றால் கிணற்றைச் சுற்றி வலை கட்டி முடிக்கும்வரை கயிறை அவிழ்க்காதீர்கள். கோடையில் காலை 6 மணிக்குள் தொடங்கி 7 மணிக்கு முன் முடித்துவிடுங்கள், வண்டியில் இரண்டு குடம் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.